முன்வரிசை ஆட்டக்காரரின் உழைப்பை எடைபோடுவது எப்படி?

அத்தியாயம் 6

ரக்பி லீக் ஃபேண்டஸிக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர், போன வாரம் ட்ரை அடித்தவரை இந்த வாரம் வாங்குகிறார்கள். விங்கர், ஃபுல்பேக் போன்ற பின்வரிசை இடங்களில் இப்படிச் செய்தும் சில வாரங்கள் தப்பிக்கலாம். ஃபார்வர்டுகள் விஷயத்தில் தப்பவே முடியாது. முன்வரிசைக்காரருக்கு ட்ரை எப்போதாவது வாய்க்கும் வரவு. அவருடைய அன்றாடச் சம்பாத்தியம் டேக்கிளிலும், பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரணிச் சுவரில் முட்டி முன்னேறும் ஓட்டத்திலும் இருக்கிறது. இவை இரண்டும் வாராவாரம் நடப்பவை, ஆகவே ஓரளவு முன்கூட்டியே கணிக்கக்கூடியவை. அந்தக் கணிப்பை முறையாகச் செய்ய இந்த அத்தியாயம் வழிகாட்டும். உதாரணங்கள் எல்லாம் ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல் போட்டியைச் சார்ந்தவை.

முதலில் ஒரு சூத்திரத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபார்வர்டின் புள்ளி என்பது, அவர் மைதானத்தில் இருக்கும் நிமிடங்களை, ஒவ்வொரு நிமிடத்திலும் அவர் செய்யும் வேலையால் பெருக்கினால் கிடைப்பது. நிமிடங்களைத் தீர்மானிப்பவர் பயிற்சியாளர். வேலையைத் தீர்மானிப்பவர் ஆட்டக்காரர். இந்த இரண்டையும் தனித்தனியாக ஆராய்ந்து, அதன்பிறகே சேர்த்துப் பார்க்க வேண்டும். மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்து வாங்குகிறவருக்கு, அடுத்த வாரம் எது மாறும், எது மாறாது என்பது தெரியாது.

யார் எங்கே உழைக்கிறார்

13 பேர் கொண்ட அணியில் ஆறு பேர் ஃபார்வர்டுகள். 8, 10 எண் சட்டை அணிபவர்கள் ப்ராப். 9 ஹூக்கர். 11, 12 செகண்ட் ரோ. 13 லாக். ஃபேண்டஸிக்காக இவர்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

ப்ராப்களும் லாக்கும் நடுவில் நிற்பவர்கள். மோதல் மிகுதியாக நடப்பது அங்கேதான். டேக்கிளும் ஓட்டமும் இவர்களிடம் குவியும். உடல் களைப்பும் அதிகம் என்பதால், இவர்களில் பெரும்பாலோர் பாதியில் வெளியே உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வருவார்கள்.

செகண்ட் ரோக்காரர்கள் இருபக்க ஓரங்களில் நிற்பவர்கள். வழக்கமாக 80 நிமிடமும் ஆடுவார்கள். ஆனால் நிமிடக் கணக்கில் பார்த்தால் இவர்களுக்கு வேலை குறைவு. ட்ரை, லைன் பிரேக், டேக்கிள் உடைப்பு ஆகியவற்றில் ஈடுகட்டுவார்கள்.

ஹூக்கர் டேக்கிளில் பெரிய வருமானம் உள்ளவர், ஓட்டத்தில் சிறிய வருமானம் உள்ளவர். எதிரணி எடை கூடிய ஆட்களை அவர் மீதே ஏவி அவரைக் களைக்க வைக்கப் பார்க்கும். மெல்போர்ன் ஸ்டார்மின் கேமரன் ஸ்மித் 430 ஆட்டங்கள் ஆடிய ஹூக்கர். 80 நிமிடமும் மைதானத்தில் நின்றுகொண்டு கோல் உதையும் சேர்த்துக்கொண்டதால், ஃபேண்டஸியில் அவர் இடம் பல ஆண்டுகள் அசையாமல் இருந்தது.

என்ஆர்எல் ஃபேண்டஸியில் நடுக்காரர்களும் ஓரக்காரர்களும் தனித்தனிப் பிரிவுகள். சூப்பர்கோச் என்ற இன்னொரு ஃபேண்டஸி போட்டியில் ஃப்ரண்ட் ரோ, செகண்ட் ரோ என்று பிரிப்பு வேறு. ஒரே ஆட்டக்காரருக்கு இரண்டு பிரிவிலும் இடமிருந்தால் அது கூடுதல் வசதி. காயம் வந்தால் உங்கள் அணிக்குள்ளேயே அவரை இடம் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு போட்டி, இரண்டு தராசு

எந்தப் போட்டியில் ஆடுகிறீர்களோ அதன் புள்ளிமுறையை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஒரே உழைப்புக்கு இரண்டு இடத்தில் இரண்டு மதிப்பு.

என்ஆர்எல் ஃபேண்டஸியில் ஒரு டேக்கிளுக்கு 1 புள்ளி. பந்துடன் ஓடும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 புள்ளி. டேக்கிளை உடைத்தால் 2, லைன் பிரேக்குக்கு 4, ட்ரைக்கு 4. தவறவிட்ட டேக்கிளுக்கு 2 கழியும், பந்தைக் கைநழுவவிட்டால் 2 கழியும்.

சூப்பர்கோச்சிலும் டேக்கிளுக்கு 1தான். ஆனால் ஓட்டத்தை மீட்டரில் அளக்காமல் எண்ணிக்கையில் அளப்பார்கள். 8 மீட்டரும் அதற்கு மேலும் போன ஓட்டத்துக்கு 2, அதற்குக் குறைந்ததற்கு 1. ட்ரைக்கு 17 புள்ளி.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ப்ராப் 15 முறை ஓடி, ஒவ்வொரு முறையும் 9 மீட்டர் போகிறார். மொத்தம் 135 மீட்டர். என்ஆர்எல் ஃபேண்டஸியில் 13 புள்ளி. சூப்பர்கோச்சில் 30 புள்ளி. இன்னொருவர் அதே 135 மீட்டரை 10 ஓட்டத்தில் கடக்கிறார். என்ஆர்எல் ஃபேண்டஸியில் அவருக்கும் 13தான். சூப்பர்கோச்சில் 20ஆகக் குறைந்துவிடுகிறது. ஆக, சூப்பர்கோச்சில் அடிக்கடி பந்தைக் கேட்டு வாங்குகிறவரைத் தேடுங்கள். என்ஆர்எல் ஃபேண்டஸியில் மொத்தத் தூரத்தைப் பாருங்கள். ட்ரைக்கு 17 கிடைக்கும் இடத்தில், கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸில் ஆடிய டேவிட் ஃபிஃபிடாவைப் போன்ற வேகமான ஓரக்காரருக்கு மவுசு கூடும். ட்ரைக்கு 4 மட்டுமே கிடைக்கும் இடத்தில், சலிக்காமல் டேக்கிள் செய்யும் நடுக்காரர் அவரை முந்திவிடுவார்.

புள்ளிமுறையில் சிறு மாற்றங்கள் வருவதுண்டு. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் விதிப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அடித்தளப் புள்ளி

டேக்கிளாலும் ஓட்டத்தாலும் மட்டும் வரும் புள்ளியை ஃபேண்டஸி ஆடுகிறவர்கள் பேஸ் என்பார்கள். நாம் அதை அடித்தளப் புள்ளி என்று வைத்துக்கொள்வோம். ட்ரை, லைன் பிரேக், டேக்கிள் உடைப்பு எல்லாம் அதற்கு மேலே எழும் மாடி. மாடி சில வாரம் இருக்கும், சில வாரம் இருக்காது. அடித்தளம் எப்போதும் இருக்கும்.

இந்த உண்மைக்கு இரண்டு பெரிய சான்றுகள் உண்டு. ஒருவர் பாரமட்டா ஈல்ஸின் நேதன் ஹிண்ட்மார்ஷ். என்ஆர்எல் வரலாற்றில் 10,000 டேக்கிளைத் தொட்ட முதல் ஆட்டக்காரர் அவர்தான். 2012இல் ஓய்வு பெறும்வரை ஒரே அணிக்காக 330 ஆட்டங்கள் ஆடினார். சிட்னியின் மேற்கில் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் வட்டாரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஈல்ஸ் பக்கத்து வீட்டு அணி என்பதால், அந்தப் பெயரைக் கேட்டவர்கள் நம்மவரிலும் இருப்பார்கள். இன்னொருவர் பிரிஸ்பேன் பிராங்கோஸின் கோரி பார்க்கர். 2016இல் ஓய்வு பெற்றபோது 347 ஆட்டங்கள் முடித்திருந்தார். நீண்ட நேரம் ஆடுவது, ஓயாமல் டேக்கிள் செய்வது, முட்டி ஓடுவது, பந்தை விடுவித்துத் தோழனுக்குக் கொடுப்பது, கோல் உதைப்பது ஆகிய ஐந்தும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன. ஃபேண்டஸி ஆடுகிறவர்கள் அவரை அவ்வளவு நேசித்ததற்கு அதுதான் காரணம்.

தேர்வுக்கு முன் செய்ய வேண்டிய வேலை எளிது. அவருடைய கடைசி ஐந்தாறு ஆட்டங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் அடித்தளப் புள்ளியைத் தனியாக எழுதுங்கள். மொத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல் அடித்தளம் இருந்தால் நம்பி வாங்கலாம். பாதிக்கும் கீழே இறங்கினால், நீங்கள் வாங்குவது உழைப்பை அல்ல, அதிர்ஷ்டத்தை.

தவறவிட்ட டேக்கிளையும் அதே வரிசையில் எழுதுங்கள். 30 டேக்கிள் செய்து 5 தவறவிட்டவருக்கு என்ஆர்எல் ஃபேண்டஸியில் நிகரமாகக் கிடைப்பது 20. 24 செய்து ஒன்று மட்டும் தவறவிட்டவருக்கு 22. பெரிய எண்ணைச் செய்தவர் சிறிய வருமானத்தோடு வீடு திரும்புகிறார்.

நிமிடத்துக்கு எவ்வளவு?

மூன்று கற்பனை ஆட்டக்காரர்களை என்ஆர்எல் ஃபேண்டஸி முறையில் ஒப்பிடுவோம்.

அ – ப்ராப். 55 நிமிடம். 32 டேக்கிள், 130 மீட்டர், 2 தவறு, 1 டேக்கிள் உடைப்பு. மொத்தம் 43. அடித்தளம் 45, அதாவது நிமிடத்துக்கு 0.82.

ஆ – ஓரக்காரர். 80 நிமிடம். 28 டேக்கிள், 90 மீட்டர், 1 தவறு, 4 டேக்கிள் உடைப்பு, ஒரு லைன் பிரேக், ஒரு ட்ரை. மொத்தம் 51. அடித்தளம் 37, அதாவது நிமிடத்துக்கு 0.46.

இ – பெஞ்சிலிருந்து வருபவர். 30 நிமிடம். 20 டேக்கிள், 80 மீட்டர், தவறு இல்லை. மொத்தம் 28. நிமிடத்துக்கு 0.93.

புள்ளிப் பட்டியலில் முதலிடம் ஆவுக்கு. ட்ரையும் லைன் பிரேக்கும் இல்லாத வாரத்தில் அதே ஆ 43க்கு இறங்கி அவோடு சமமாகிவிடுவார். டேக்கிள் உடைப்பும் குறைந்தால் அவுக்குக் கீழே போய்விடுவார். அவோ அடுத்த வாரமும் 40ஐ ஒட்டியே நிற்பார்.

இ சுவாரசியமானவர். அவருக்கு 50 நிமிடம் கிடைத்தால் 46 வரும் என்று நேர்விகிதத்தில் போட்டுவிடத் தோன்றும். அப்படிப் போடாதீர்கள். அவர் களைக்காத உடலோடு, களைத்த எதிரிகளுக்கு நடுவே இறங்குகிறார். நேரம் நீண்டால் வேகம் குறையும். எட்டில் ஒரு பங்கு கழித்து 40 என்று எதிர்பார்ப்பது நியாயமான கணக்கு. அப்படிக் கழித்த பிறகும் அவர் விலைக்கு அது லாபமாக இருந்தால், வாங்க வேண்டிய ஆள் அவரே.

நேரம் நீண்டாலும் வேகம் குறையாத ஆட்கள் சிலர் உண்டு. பிராங்கோஸின் பெய்ன் ஹாஸ் அப்படிப்பட்டவர். 2019இல் சிறந்த புதுமுகத்துக்கான டாலி எம் விருது பெற்ற அவர், அந்த இளம் வயதிலேயே ப்ராப் இடத்தில் முழு ஆட்டமும் நின்று காட்டினார். 50 நிமிடத்திலேயே மூச்சு வாங்கும் இடத்தில் ஒருவர் அதைத் தாண்டி அதே வேகத்தில் உழைத்தால், அவருக்கு என்ன விலை கொடுத்தாலும் தகும். கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி என்பதால் அந்தப் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைக்கலாம்.

240 நிமிடக் கணக்கு

நிமிடங்களை ஊகிக்க நான் பயன்படுத்தும் முறை இது. நடுவில் மூன்று இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 80 நிமிடம். மொத்தம் 240. இந்த 240தான் ஒரு அணியின் நடுக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கிடைக்கும் சொத்து. பெஞ்சிலிருந்து இறங்கும் நால்வரில் ஒருவர் வழக்கமாக ஹூக்கர் அல்லது பல இடங்களில் ஆடக்கூடியவர். மீதி மூவரையும் நடுக்காரர்கள் என்று கொண்டால், ஆறு பேர் 240ஐப் பங்கிட வேண்டும். சராசரி 40.

இப்போது அந்த அணியின் லாக் 65 நிமிடம் ஆடுகிறவர் என்றால், மீதி ஐந்து பேருக்கு 175 மிச்சம். தலைக்கு 35. அந்த அணியில் 60 நிமிடம் ஆடக்கூடிய இன்னொரு ப்ராப்பும் இருந்தால், மற்ற நால்வருக்கும் 30க்கும் குறைவே. பெயர் பெற்றவர் என்பதற்காக அந்த நால்வரில் ஒருவரை வாங்கிப் பயனில்லை. அதேபோல், அந்த 65 நிமிட லாக்குக்குக் காயம் வந்தால், 65 நிமிடங்கள் திடீரென்று பொதுவுக்கு வருகின்றன. அவை யாரிடம் போகும் என்பதை, அணிப் பட்டியல் வரும் செவ்வாய்க்கிழமையே ஊகிக்கிறவர்தான் விலை ஏறுவதற்கு முன் வாங்குகிறார். குறைந்த விலையில் வாங்கி, ஏறியதும் விற்கும் இப்படிப்பட்ட ஆட்களைக் கேஷ் கவ் என்று ஃபேண்டஸியில் சொல்வார்கள்.

மாற்றங்களின் எண்ணிக்கையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2001இல் ஓர் ஆட்டத்துக்கு 12 மாற்றங்கள் என்று வரம்பு வந்தது. 2008இல் அது 10 ஆனது. 2016இல் 8 ஆனது. ஒரு ப்ராப் வெளியே போய்த் திரும்பி வந்தால் இரண்டு மாற்றங்கள் செலவாகும். மூவருக்கு அப்படிச் செய்தால் 6 போய்விடும். ஹூக்கரையும் மாற்றினால் கையிருப்பு கிட்டத்தட்டத் தீர்ந்தது. எனவே வெளியே வராமல் நிற்கக்கூடிய லாக் பயிற்சியாளருக்குப் பெரிய ஆறுதல். உங்களுக்கும் அப்படித்தான்.

பயிற்சியாளர் மாறும்போது இந்தக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். நார்த் குயின்ஸ்லாந்து கௌபாய்ஸின் ஜேசன் டௌமலோலோ 2016இல் டாலி எம் பதக்கத்தைக் கூப்பர் குரோங்குடன் பகிர்ந்துகொண்டவர். ஓட்டத் தூரத்தில் அவருக்கு இணை சொல்லக் கடினம். 2021இல் டாட் பேட்டன் பயிற்சியாளராக வந்ததும் அவருடைய நிமிடங்கள் குறைக்கப்பட்டன. அவருடைய திறமை போய்விடவில்லை. பெருக்கலின் ஒரு பக்கம் சுருங்கியது, விடையும் சுருங்கியது.

அணியின் வேலையில் அவருடைய பங்கு

ஒரு அணி எத்தனை டேக்கிள் செய்யும் என்பது எதிரணி எவ்வளவு நேரம் பந்தை வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. தோற்கும் அணியின் ஃபார்வர்டுகளுக்கு டேக்கிள் கூடுவதற்குக் காரணம் அதுதான். ஆகவே வெறும் எண்ணிக்கையைவிட விகிதம் உண்மையைச் சொல்லும்.

அணி 380 டேக்கிள் செய்த நாளில் ஒருவர் 38 செய்தார் என்றால் அவர் பங்கு பத்தில் ஒன்று. அடுத்த வாரம் அணி 300 மட்டுமே செய்தது, அவர் 30 செய்தார். புள்ளி 8 குறைந்தது, பங்கு மாறவில்லை. அவரை விற்கத் தேவையில்லை. மாறாக, 380இல் 38 செய்தவர் அதே அளவு நிமிடம் ஆடி, அடுத்த வாரம் 380இல் 29 செய்தால் எச்சரிக்கையாக இருங்கள். வலியை மறைத்து ஆடுகிறார், அல்லது நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தப்பட்டிருக்கிறார். ஓட்டத்துக்கும் இதே விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்.

கண்ணால் பார்க்க வேண்டியவை

எண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. ஆட்டத்தைப் பார்க்க நேரம் கிடைத்தால், பந்தைப் பார்க்காமல் நீங்கள் வாங்க நினைக்கும் ஆளை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள்.

டேக்கிள் செய்துவிட்டு எவ்வளவு வேகமாக எழுகிறார்? எழுந்ததும் 10 மீட்டர் பின்வாங்கி வரிசையில் சேர்ந்துவிடுகிறாரா, இல்லை நடந்து வருகிறாரா? தன் அணி சொந்த எல்லைக்கோட்டருகே பந்தைப் பெறும்போது, கடினமான முதல் மூன்று ஓட்டங்களில் ஒன்றைத் தானே கேட்டு வாங்குகிறாரா? முதல் பாதியின் கடைசிப் பத்து நிமிடத்திலும், 70ஆம் நிமிடத்துக்குப் பிறகும் அவர் அதே ஆளாக இருக்கிறாரா? இந்தக் கேள்விகளுக்கு ஆம் என்ற விடை வந்தால், இன்று அவருக்குப் புள்ளி குறைவாக இருந்தாலும் நாளை கூடும்.

இங்கே ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். நல்ல உழைப்பு எல்லாவற்றுக்கும் புள்ளி கிடையாது. பென்ரித் அணியின் ஐசாயா யோ லாக் இடத்தில் நின்று ஆட்டத்தையே நடத்துகிறவர். பந்தை வாங்கி, பார்த்து, சரியான கைக்குக் கொடுப்பார். 2021 முதல் 2024 வரை பென்ரித் தொடர்ந்து நான்கு கோப்பைகளை வென்றதில் அந்தக் கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் சாதாரணப் பாஸுக்கு ஃபேண்டஸியில் புள்ளி இல்லை. உதையைத் துரத்தி ஓடுவதற்கும், பொய்யாக ஓடி எதிரியை ஏமாற்றுவதற்கும் புள்ளி இல்லை. நல்ல ஆட்டக்காரரை மதியுங்கள். வாங்கும்போது மட்டும் எண்ணிக்கைக்குள் வரும் உழைப்பைப் பாருங்கள்.

சூழ்நிலை மாற்றும் கணக்கு

2020இல், டேக்கிளுக்குப் பின் பந்தை எழுப்பும் இடத்தில் நடக்கும் தவறுகளுக்குப் பெனால்டிக்குப் பதிலாக மீண்டும் ஆறு டேக்கிள் தரும் விதி வந்தது. ஆட்டம் நிற்பது குறைந்தது, மூச்சு வாங்கும் இடைவெளியும் குறைந்தது. வெறும் எடையை நம்பிய ப்ராப்களைவிட, ஓடித் திரும்பும் நடுக்காரர்களுக்கு அது சாதகம்.

மழை பெய்தால் பந்து வழுக்கும். அணிகள் ஓரத்துக்குப் பாஸ் செய்யத் தயங்கி நடுவிலேயே முட்டும். நடுக்காரர்களுக்கு வேலை கூடும், ஓரக்காரர்களுக்குக் குறையும்.

ஆண்டின் நடுவே நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரில் மூன்று ஆட்டங்கள். புதன்கிழமை இரவு அங்கே ஆடிய ஃபார்வர்டு வார இறுதியில் ஓய்வு பெறலாம், அல்லது குறைந்த நேரம் ஆடலாம். அந்த வாரங்களில் ஆரிஜினுக்குப் போகாத உழைப்பாளிகளுக்கு மதிப்பு அதிகம். 2023இல் டால்ஃபின்ஸ் சேர்ந்து 17 அணிகள் ஆனதிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஓர் அணிக்காவது ஓய்வு உண்டு. உங்கள் ஃபார்வர்டுகள் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் ஓய்வு வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தலையில் அடிபட்டவர் பரிசோதனைக்காக 15 நிமிடம் வெளியேறினால், அந்த ஆட்டத்தின் நிமிடக் கணக்கைச் சராசரியில் சேர்க்காதீர்கள். சக வீரர் அப்படி வெளியேறியதால் கூடுதல் நேரம் பெற்றவரின் கணக்கையும் அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

செவ்வாய் மாலை: முடிவெடுக்கும் வரிசை

ஆஸ்திரேலியக் கிழக்கு நேரப்படி செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு அணிப் பட்டியல்கள் வெளிவரும். அப்போது இந்த வரிசையில் போங்கள்.

1. என்ன எண் சட்டை? தொடக்க ஆட்டக்காரரா, பெஞ்சா?
2. அந்த அணியின் 240 நிமிடத்தை இந்த வாரப் பட்டியலை வைத்துப் பங்கிடுங்கள். அவருக்கு எவ்வளவு விழுகிறது?
3. நிமிடத்துக்கு அவருடைய அடித்தளம் எவ்வளவு? நேரம் கூடுவதாக இருந்தால் எட்டில் ஒரு பங்கு கழியுங்கள்.
4. இரண்டையும் பெருக்குங்கள். தவறவிடும் டேக்கிளுக்குக் கழியுங்கள். ட்ரையைச் சேர்க்காதீர்கள்.
5. அந்த விலையில் வேறு யாரும் இதைவிட அதிகம் தருகிறாரா என்று பாருங்கள்.
6. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரத்துக்கு முன் வரும் இறுதிப் பட்டியலைப் பார்க்காமல் தூங்கப் போகாதீர்கள். 14ஆம் எண்ணில் அறிவித்தவரைத் தொடக்கத்திலேயே இறக்குவது பயிற்சியாளர்களின் வாடிக்கை.

இந்த ஆறு படிகளையும் ஓர் ஆளுக்குச் செய்யப் பத்து நிமிடம் போதும். வாரம் நாலைந்து பேருக்குச் செய்து ஒரு நோட்டில் குறித்து வைத்தால், பருவத்தின் நடுப்பகுதிக்குள் எந்த அணியில் யார் தூண், யார் அலங்காரம் என்பது உங்களுக்கே தெளிவாகிவிடும்.

ரக்பி லீக்கில் கைதட்டல் பெரும்பாலும் கோட்டைத் தாண்டியவருக்குப் போகிறது. அந்தக் கோடு வரை பந்தைச் சுமந்து வந்தவர்களை ஃபேண்டஸி ஆடுகிறவராவது கவனிக்க வேண்டும். அவர்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள், நம்பி வாங்குங்கள், ஒரு மந்தமான வாரத்துக்காக விற்றுவிடாதீர்கள். வெற்றி பெறும் ஃபேண்டஸி அணிகளின் அடித்தளம் அவர்களே.